மார்கழித் தண்ணீர்

இராமநாதபுரம் கடற்கரையில் மனை வாங்கப் போகிற யாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கிணற்றுத் தண்ணீரை எந்த மாதம் குடித்துப் பார்த்தீர்கள்? நான் குடித்தது 2021 மார்கழியில். உச்சிப்புளிக்குத் தெற்கே, தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கரையிலிருந்து சுமார் 350 மீட்டரில் எட்டு சென்ட். பக்கத்துத் தென்னந்தோப்புக் கிணற்றில் வாளி விட்டு ஒரு செம்பு இறைத்துக் கொடுத்தார்கள். கல்கண்டு மாதிரி இருந்தது. மறு வாரமே முன்பணம் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு செம்புத் தண்ணீரை நம்பியதில் அடுத்த இரண்டரை வருடத்தில் கரைந்தது 3,06,400 ரூபாய், மனை விலை சேராமல். யாராவது முன்கூட்டி நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். அந்த நாலு வார்த்தையைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் பருவம். இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 827 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். கடற்கரை மணலில் இறங்கும் மழைநீர் அடியில் இருக்கிற உப்புநீரோடு உடனே கலந்துவிடுவதில்லை. எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கும். மழை முடிந்த கையோடு அந்த மிதப்பு நல்ல தடிமனாக இருக்கும், அதனால் மார்கழியில் இங்கே எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். பிறகு தையிலிருந்து தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே போகும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலம் முழுக்கக் காய்ந்து, புரட்டாசி முதல் வாரம் வரும்போதுதான் கிணற்றின் உண்மையான குணம் வெளியே தெரியும். சித்திரை வெயிலில் சோதித்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது, சித்திரைக்குப் பிறகும் மழைக்கு ஐந்து மாதம் கிடக்கிறது. இதை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. "அது மழைத் தண்ணி தம்பி. ஆவணி கழிச்சு வந்து குடிச்சிருக்கணும்" என்றார். அவர் சொன்னபோது பத்திரம் முடிந்திருந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவரைக் கேட்க முடியாது, நான் கேட்கவே இல்லையே.

புரட்டாசி வரை பொறுக்க முடியாதவர்கள் செய்யக்கூடியது சில உண்டு. நானூறு ஐநூறு ரூபாய்க்குப் பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டிடிஎஸ் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, மில்லிகிராமில். மனையைச் சுற்றி, கடலுக்கு நெருக்கமாக ஒன்று, நடுவில் ஒன்று, உள்ளே தள்ளி ஒன்று என மூன்று கிணறுகளிலாவது அளந்து பாருங்கள். மேல் தண்ணீரை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு பாட்டிலில் கல் கட்டி, மூடியில் தனியாக ஒரு நூல் கட்டிக் கிணற்றின் அடிவரை இறக்குங்கள். அடியில் தட்டியதும் நூலைச் சுண்டினால் மூடி திறந்து அடித் தண்ணீர் நிறையும். மேலே 600, அடியில் 2,500 என்று காட்டினால் அந்தக் கிணறு கோடையில் என்ன ஆகும் என்பதை அதுவே சொல்லிவிட்டது. மீட்டருக்கு எந்த உப்பு என்று தெரியாது, மொத்தத்தைத்தான் காட்டும். குளோரைடு எவ்வளவு என்று தனியாகத் தெரிய வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு டிடிஎஸ் 500. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. குளோரைடு 250, வழியில்லாவிட்டால் 1,000. மீட்டரும் வேண்டாம் என்றால் காலையில் தெருவில் நடந்து பாருங்கள். வாசலுக்கு வாசல் ஏழெட்டுக் குடம் அடுக்கிய தள்ளுவண்டி நின்றால், அந்தத் தெருக் கிணறுகளுக்கு வேறு சோதனை தேவையில்லை. நானும் அந்த வண்டிகளைப் பார்த்தேன். நம் ஊர்ப்பக்கம் எங்கும் இருப்பதுதானே என்று கடந்து போனேன்.

அடுத்த தப்பு போர். 2022 மாசியில் 70 அடி போட்டேன். குழாயும் துளையும் 34,000, ஒரு ஹெச்பி நீர்மூழ்கி மோட்டாரும் வயரும் மற்றதும் 28,000. ஆழம் போனால் நல்ல தண்ணீர், வற்றாத தண்ணீர் என்பது உள்நாட்டுப் பழக்கம். கடற்கரையில் கணக்கே தலைகீழ். நல்ல தண்ணீரைவிடக் கடல் தண்ணீர் நாற்பதில் ஒரு பங்குதான் கனம் கூடுதல். அதனால் நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடிவரை நல்ல தண்ணீர் இருக்கும். இதை கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் நூறு வருடத்துக்கு முன்பே தனித்தனியாகக் கண்டு சொல்லிவிட்டார்கள். என் மனை கடல் மட்டத்துக்கு மேல் எட்டடி. மழை முடிந்து நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல் இரண்டடி நிற்கும்போது கீழே 80 அடிவரை நல்ல தண்ணீர், ஆகவே 70 அடி போர் தப்பித்துக்கொள்ளும். புரட்டாசியில் அது ஒரு அடியாக இறங்கினால் கீழே 40 அடிதான். குழாயில் கீழ் 30 அடிக்குத் துளைபோட்ட பைப் இறக்கியிருந்தார்கள், அதாவது அந்தத் துளைகளில் பெரும்பாதி உப்புக்குள் நிற்கும். இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் நல்லதும் உப்பும் கலந்த ஒரு அடுக்கு இடையில் இருப்பதால் இன்னும் மோசம். போட்டதும் மீட்டர் 780 காட்டியது. வைகாசியில் 2,900. புரட்டாசியில் 6,400.

அந்த 6,400 என்ன என்று கொஞ்சம் கணக்குப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கடல் தண்ணீர் ஏறக்குறைய 35,000. நல்ல தண்ணீர் 600 என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு ஒரு பங்கு கடல் கலந்தாலே 350 ஏறிவிடும். 6,400 என்றால் என் குழாயில் வந்ததில் ஆறில் ஒரு பங்கு கடல். அதற்குக் கடல் காரணமா என்றால், நேரடியாக இல்லை, என் மோட்டார்தான். ஒரு ஹெச்பி மோட்டார் மணிக்கு மூவாயிரம் லிட்டருக்குமேல் இழுக்கும். இழுக்கிற இடத்தைச் சுற்றி நீர்மட்டம் குழிவிழும். மேலே அரை அடி குழிந்தால், கீழே உப்பு 20 அடி கூம்புபோல எழும்பி வாய்க்கு வரும். மோட்டாரை நிறுத்தினால் மேலே இருக்கும் குழி சீக்கிரம் நிரம்பிவிடும், கீழே எழும்பிய உப்பு இறங்க வாரக்கணக்கில் ஆகும். இறங்குவதற்குள் மறுபடி ஸ்விட்சைப் போடுவோம். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு, மனை வாங்கும் முன் பக்கத்துப் போரில் செய்து பாருங்கள்: மோட்டாரைத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஓட்டி, கால் மணிக்கொரு தரம் டிடிஎஸ் எழுதுங்கள். எண் அசையாமல் நின்றால் பரவாயில்லை. ஏறிக்கொண்டே போனால் அந்தப் போருக்கு ஆயுள் குறிக்கப்பட்டுவிட்டது.

அப்படியென்றால் கடல் மட்டம் உயர்வதற்கு இதில் பங்கில்லையா? இருக்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிறகு வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2015 வரை ஆண்டுக்கு 3.3 என்று அளந்திருக்கிறார்கள். கடல் சூடாகி விரிவது பாதி, பனி உருகி வந்து சேர்வது பாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் கணிப்பில், இந்த நூற்றாண்டு முடிவில், புகையை நன்றாகக் குறைத்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர், குறைக்காமலே போனால் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை. ஒரு வருடத்தின் 3.7 மில்லிமீட்டரை என் மோட்டார் சில நிமிடத்தில் செய்துவிடும், அதனால் எல்லாப் பழியையும் கடல்மேல் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் மோட்டாரை நிறுத்தலாம், கடலை நிறுத்த முடியாது. கடல் ஏறும்போது நிலத்தடி நீரும் கூடவே ஏற இடம் இருந்தால், மிதக்கும் நல்ல தண்ணீர் அப்படியே முழுதாகத் தூக்கப்படும், தடிமன் குறையாது. எங்கள் பக்கம் போன்ற தாழ்ந்த மண்ணில் அதற்கு இடம் இல்லை. நீர்மட்டம் கொஞ்சம் ஏறினாலே பள்ளத்தில் ஊற்றெடுத்து ஓடிவிடும், இல்லாவிட்டால் வெயிலில் ஆவியாகிவிடும். நீர்மட்டம் நின்ற இடத்திலேயே நிற்க, கடல் மட்டும் 30 சென்டிமீட்டர் ஏறினால், கீழே 12 மீட்டர் நல்ல தண்ணீர் போய்விடும். கடல் கரையைத் தாண்டி வாசலுக்கு வரும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அது முதலில் கிணற்றுக்கு அடிவழியாக வருகிறது, சத்தமில்லாமல்.

பதற்றத்தில் செய்த செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 15,500க்கு ஒரு ஆர்ஓ மெஷின் வாங்கினேன். நான்கு மாதத்தில் மெம்பரேன் போனது. இரண்டு தரம் மாற்ற 6,400. வீட்டு ஆர்ஓவெல்லாம் 2,000 டிடிஎஸ் வரைக்கும் என்று கணக்கிட்டுச் செய்தவை. 6,400 தண்ணீருக்கு உப்பை எதிர்த்துத் தள்ளவே ஐந்து பார் அழுத்தம் வேண்டும். அந்தச் சின்ன பம்பு மொத்தமாகத் தருவதே ஐந்தாறு பார்தான், அப்புறம் தண்ணீர் எங்கே வரும்? வந்ததில் மூன்று பங்கு கழிவு, அதைச் செடிக்கு விட்டேன், செடி கருகியது. மோட்டார் அரித்து 17,500க்கு இன்னொன்று. அதற்குள் லாரித் தண்ணீருக்கு மாறிவிட்டேன்: 5,000 லிட்டர் ஆயிரம் ரூபாய், மாதம் இரண்டு, இருபது மாதம், 40,000.

பெரிய அடி அது அல்ல. 2024 வைகாசியில் சன்ஷேடின் அடியில் ஒரு கோடு. விரலால் தட்டினால் பொள்ளென்று சத்தம். ஒரு மாதத்தில் பலகை போல ஒரு துண்டு பெயர்ந்து விழ, உள்ளே கம்பி செம்பருத்தி நிறத்தில் ஊதிப்போய்க் கிடந்தது. இரண்டு வருடமே ஆன வீடு. காரணம் தண்ணீர்தான். கான்கிரீட் கலக்கியது, போட்ட பின் நீர் விட்டு ஆற வைத்தது எல்லாம் அதே போர்த் தண்ணீரில். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. 2022 வைகாசியில் கூரை போட்டபோது என் தண்ணீரில் கடல் ஏழு சதவீதம். கடல் நீரில் குளோரைடு ஏறக்குறைய 19,000, ஆக என் தண்ணீரில் 1,300 பக்கம் இருந்திருக்கும். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்புப் படலம் போட்டு வைத்திருக்கும், குளோரைடு அதைத் துளைக்கும். துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அந்த ஊதலில் கான்கிரீட் பிளக்கும். மேஸ்திரியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஒரு தரம், "தண்ணி கரிக்குதே சார்" என்றார். கான்கிரீட்டுக்குத்தானே, குடிக்கவா போகிறோம் என்று நான்தான் சொன்னேன்.

இப்போது ஒரு கணக்கு சொல்கிறேன், இதை நினைத்தால் இன்றும் தூக்கம் வராது. ஒரு மூட்டை சிமென்ட்டுக்குக் கலக்கும் தண்ணீர் சுமார் 25 லிட்டர். என் வீட்டுக்கு 400 மூட்டை. மொத்தம் 10,000 லிட்டர். இரண்டு லாரி, இரண்டாயிரம் ரூபாய். ஆற வைக்க இன்னும் எட்டுப் பத்து லாரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை மிச்சம் பிடித்ததற்குப் பழுதுச் செலவு 1,65,000. ஆகவே கடற்கரையில் கட்டுகிறவர்கள் டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டினாலே குளோரைடு பார்க்காமல் அந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம். மணலும் அப்படித்தான், மலிவாக வருகிற மணல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், நாக்கில் வைத்தும் பாருங்கள். கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடும் தடிமன், அதாவது கவர், கடற்கரைச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர், அலைத் தூறல் படும் இடத்துக்கு 50. கான்கிரீட் தரம் எம்30, எம்35. இங்கே பல வீடுகளில் நான் பார்ப்பது 20 மில்லிமீட்டர் கவர், எம்20. மதுரைக்குப் போட்ட அதே கணக்கு. சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியதும் நீங்களே டேப் எடுத்துப் போய் கவர் பிளாக்கை அளங்கள். உடைந்த கல், ஓட்டுத்துண்டு வைத்திருந்தால் எடுத்துவிட்டு அளவான பிளாக் வைக்கச் சொல்லுங்கள். பழுது பார்ப்பதில் இன்னொரு பொறி இருக்கிறது: விழுந்த இடத்தை மட்டும் பூசினால், பூசிய இடம் நன்றாக இருக்கும், அதைச் சுற்றி ஒரு வருடத்தில் வளையமாகப் பிளக்கும். உப்பு கான்கிரீட் முழுவதும் இருக்கிறதே. தட்டிப் பார்த்துப் பொள்ளல் கேட்கும் இடத்தையெல்லாம் கொத்தி, கம்பிக்குப் பின்னாலும் இரண்டு சென்டிமீட்டர் தோண்டி, கம்பி பளபளக்கும்வரை துரு சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, துத்தநாகப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த காரையால் அடைக்க வேண்டும். அப்படிச் செய்தும் இது முழுத் தீர்வு அல்ல, ஆயுளைக் கொஞ்சம் நீட்டுவதுதான்.

தண்ணீருக்கு வழி கிடைத்தது தனுஷ்கோடிப் பக்கம் ஊற்றுத் தோண்டுவதைப் பார்த்த பிறகு. இரண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் ஆண்கடல் என்கிற தென்கடல், மறுபக்கம் பெண்கடல் என்கிற வடகடல், அதாவது பாக் விரிகுடா. நடுவில் மணலைக் கையால் பறித்து மூன்று நாலு அடிப் பள்ளம். அடியில் தண்ணீர் கசிந்து ஒரு சாண் நிற்கும். பெண்கள் உள்ளே குனிந்து சிரட்டையால் மேலாக வழித்து, குடத்து வாயில் துணி கட்டி ஊற்றுகிறார்கள். சிரட்டை அடியைத் தொடாது. தீர்ந்தால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், மறுபடி ஊறும்வரை. இதை இல்லாமையின் அடையாளமாகப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் நிறைய. எனக்கு அது மிதக்கும் தண்ணீரைக் குலைக்காமல் எடுக்கும் சரியான முறையாகத் தெரிந்தது. ஆழம் கிடையாது, அவசரம் கிடையாது, மேல்தண்ணீர் மட்டும். என் வீட்டில் நான் செய்தது அதே வேலைதான், கொஞ்சம் சிமென்ட்டும் கரண்டும் சேர்த்து.

14 அடிக்கு உறைகிணறு இறக்கினேன். நாலடி விட்டமுள்ள உறை, மண்ணுக்குள் 14, மேலே கைப்பிடிச் சுவருக்கு 3, ஆள்கூலி சேர்த்து 41,000. புரட்டாசியில்கூட ஏழடி தண்ணீர் நிற்கும். அதற்குக் கீழே போகக் கூடாது என்று பிடிவாதமாக நிறுத்தினேன், தோண்டியவர் "இன்னும் ரெண்டு உறை போடுவோம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அரை ஹெச்பி மோனோபிளாக் மோட்டார் வைத்து, உறிஞ்சு குழாயை வளையும் ஹோஸாக மாற்றி, அதன் வாயில் இருக்கும் ஃபுட் வால்வை வலையில் கட்டுகிற மிதவை ஒன்றில் தொங்கவிட்டேன். நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடிக்குக் கீழே வால்வு நிற்கும். கிணறு ஏறினாலும் இறங்கினாலும் மேல்தண்ணீரைத்தான் எடுக்கும். ஒன்றரை அடிக்கும் குறைத்தால் காற்றை இழுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வெளிக்குழாயில் கேட் வால்வைத் திருகி நிமிடத்துக்கு 12 லிட்டராகக் குறைத்திருக்கிறேன். காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம், மொத்தம் 480 லிட்டர். நாலு பேர் குளிக்க, துவைக்க, கழிவறைக்குப் போதும். டைமர் போட்டுவிட்டேன், இல்லாவிட்டால் விருந்தாளி வந்த அன்று யாராவது ஒரு மணி நேரம் ஓட்டிவிடுவார்கள். பழைய போரைச் சும்மா விடக் கூடாது. மேலே இருக்கும் நல்ல அடுக்கையும் கீழே இருக்கும் உப்பு அடுக்கையும் இணைக்கும் ஓட்டை அது. சிமென்ட் கரைசலை அடியிலிருந்து மேலாக ஹோஸ் விட்டு நிரப்பி மூடினேன். மேலிருந்து கொட்டினால் நடுவில் சிக்கிக்கொண்டு கீழே வெற்றிடமாகவே இருக்கும்.

குடிக்கவும் சமைக்கவும் மழைநீர். கூரை 900 சதுர அடி, அதாவது 83 சதுர மீட்டருக்கு மேல். 827 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் வருடத்துக்கு 55,000 லிட்டர். நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று ஒன்பது மாத வறட்சிக்குக் கணக்கிட்டால் 5,400 லிட்டர்தான் தேவை. 10,000 லிட்டர் தொட்டி தாராளம். எல்லோரும் செய்வதுபோல மண்ணுக்குள் சம்ப் கட்டாதீர்கள். சின்ன வெடிப்பு விட்டாலும் வெளியே இருக்கிற உப்புத் தண்ணீர் உள்ளே வரும், அதுவும் தெரியாமல் வரும். நீர்மட்டம் உயரும் காலத்தில் காலியாக இருக்கும் சம்ப் படகுபோல மிதந்து தூக்கிக்கொள்ளும், குழாய் இணைப்பெல்லாம் பிய்ந்துவிடும். தரைக்கு மேல் கம்பிவலைச் சிமென்ட் தொட்டி கட்டினேன். கடற்கரையில் முதல் மழை கூரையில் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டு வரும், அதனால் முதல் இரண்டு மில்லிமீட்டர் மழையை, என் கூரைக்கு 170 லிட்டர், தனி டிரம்மில் பிடித்து வெளியே விடுகிறேன். தொட்டி நிரம்பி வழிவது ஜல்லி, கரி, மணல் வடிகட்டி வழியாக உறைகிணற்றுக்கு. அந்தத் தண்ணீர்தான் அடுத்த கோடைக்கு மிதப்பைத் தடிமனாக்குவது.

2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். எங்கள் பக்கமும் தெருவெல்லாம் தண்ணீர். கிணற்றின் மூன்று உறைக் கைப்பிடிச் சுவர் அன்றுதான் பயன்பட்டது, தெருத் தண்ணீர் உள்ளே போகவில்லை. ஆனால் கழிவறைக் குழி பொங்கிவிட்டது. நிலத்தடி நீர் மேலே வந்தால் குழியில் இருப்பது இறங்க இடமில்லை. குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் மண் இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து குழி 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. எட்டடி உயர மனையில் அந்த இரண்டு மீட்டருக்கு எங்கே போவது? குழியை ஆழமாக்காமல் அகலமாக்கி, தரைக்கு மேல் மேடாகக் கட்டுவதுதான் வழி, நான் இன்னும் செய்யவில்லை. ஒருவேளை கடல் அலையே கிணற்றில் புகுந்தால், பதறிப்போய் முழுவதையும் இறைத்துக் கொட்டாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையில் கிணறுகளை வேகமாக இறைத்ததில் அடியிலிருந்த உப்பு மேலே வந்து நிலைமை மோசமானது. மேலாக, மெதுவாக, கொஞ்சம் எடுத்துவிட்டு மழைக்கு விட்டுவிட வேண்டும்.

மனையைப் பார்க்கப் போகிறவர்கள் மனையை மட்டும் பார்க்காமல் கரைவரை நடந்து போங்கள். கரையோரத் தென்னையின் வேர் வெளியே தெரிகிறதா, மணல் படிபோல வெட்டுண்டு நிற்கிறதா என்று பாருங்கள். வடகடல் கரை வாடைக் காலத்தில் அடிவாங்கும், தென்கடல் கரை கச்சான் காலத்தில். எந்தக் கடலோ அந்தக் காலத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களை ஓட்டிப் பார்த்தால் கரை எவ்வளவு நகர்ந்தது என்று வீட்டிலிருந்தே தெரியும். மனைக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடு இருந்தால், அதில் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருந்தால், அதுதான் உங்கள் தண்ணீர்த் தொட்டி. யாரோ அதை டிராக்டரில் அள்ளிக்கொண்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தென்கடலில் தீவுகளும் பவளப் பாறைகளும் அலையின் வேகத்தைப் பாதியிலேயே வாங்கிக்கொள்கின்றன. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் முன்பே மூழ்கிவிட்டன. அதற்குக் கடல் மட்டத்தைவிடச் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதுதான் பெரிய காரணம். மிச்சம் இருக்கும் பவளமும் 1998, 2010, 2016 சூட்டில் வெளுத்தது. பிறகு சட்டம்: உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறி வந்து தொடும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 200க்கும் 500க்கும் இடையே சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைத்துக்கொள்ளத்தான் பொதுவாக அனுமதி, உள்ளூர் மக்கள் சொந்தத் தேவைக்கு எடுப்பதற்கு விலக்கு உண்டு. சர்வே எண்ணை வைத்து வரைபடத்தில் கோடு எங்கே ஓடுகிறது என்று பத்திரத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள், தரகர் "அதெல்லாம் இங்க கிடையாது சார்" என்றுதான் சொல்வார்.

கிணற்றுச் சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், ஓதம் உயர்ந்து நிற்கும் அந்த நாட்களில், மேலே ஒரு அளவு, அடியில் ஒரு அளவு, கயிறு விட்டு நீர்மட்டம் ஒன்று. போன புரட்டாசியில் மேலே 1,150, அடியில் 1,900. மார்கழியில் மேலே 620. வரவேற்பறைக் கூரையில் தட்டினால் இன்னும் இரண்டு இடத்தில் பொள்ளென்கிறது, இந்தக் கோடையில் அதைக் கொத்த வேண்டும்.